மக்களோடு சேர்ந்த ஆய்வு: தாமிரபரணிப் பாசன ஊர்களிலிருந்து சில குறிப்புகள்

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

"சூழலையும் நீடித்த வேளாண்மையையும் பற்றிய ஆய்வுத் திட்டங்களில் இப்போது ‘மக்களோடு இணைந்து’ என்று எழுதாத திட்டமே இல்லை. முக்கூடல் பக்கம் எங்கள் ஊருக்கும் பல குழுக்கள் வந்து, கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போயிருக்கின்றன. எதன் முடிவும் எங்களுக்கு வந்து சேரவில்லை. திருநெல்வேலிச் சீமையில் ஆராய்ச்சியாளரும் குடிகளும் உண்மையாகவே சேர்ந்து செய்த காரியம் ஒன்றாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்."

3 ஜூன் 2024

உண்டு. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கடைப்பகுதியில் வயல் வைத்திருக்கிறவன் நான்; நெல்லிலிருந்தே தொடங்குகிறேன். மடகாஸ்கர் தீவில் 1980களில் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு வயலில் நின்று பார்த்துப் பார்த்து உருவாக்கிய நடவு முறை, இங்கே ஒற்றை நாற்று நடவு என்றும் திருந்திய நெல் சாகுபடி என்றும் பெயர் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003இல் அதைத் தாமிரபரணிப் பாசனத்தில் நூறு உழவர்களின் வயல்களில் சோதித்தது. பழைய நடவையும் புதிய நடவையும் உழவர் நிலத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எக்டேருக்குச் சராசரியாகப் பழைய முறையில் 5,657 கிலோவும் புதிய முறையில் 7,227 கிலோவும் மேனி கண்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எண்களைக் காட்டிலும் இடம். ஆராய்ச்சிப் பண்ணையில் எவ்வளவு விளைந்தாலும் "அவர்களுக்கு உரமும் தண்ணீரும் ஆளும் கேட்டபோது கிடைக்கும்" என்று உழவர் தள்ளிவிடுவார். பக்கத்து வயல்காரர், தன்னைப் போலவே வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர், அறுத்து அடித்து மூட்டை கட்டுவதைக் கண்ணால் பார்த்தால் மறுக்க முடியாது. சோதனை உழவரின் நிலத்தில் நடந்ததனால்தான் அந்த ஒப்பீடு ஊர்ப் பேச்சாக மாறியது.

ஆனாலும் நீங்கள் கேட்ட பொருளில் இதைப் பாதிக் கூட்டு என்றே சொல்வேன். வயல் எங்களுடையது. கேள்வி வெளியிலிருந்து வந்தது.

5 ஜூன் 2024

அந்தப் பாதிக் கணக்கை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் நடவு பெண்களின் வேலை. ஆய்வில் ‘உழவர்’ என்று பதிவானவர் நிலத்துக்காரர். எங்கள் வயலில் இந்த முறையை முதன்முதலில் செய்தபோது நான் வரப்பில் நின்றிருந்தேன். பழைய முறையில் இருபத்தைந்து நாள் நாற்றைப் பறித்து முடி கட்டி, வயலில் வீசி, கையில் வந்த கொத்தை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்வார்கள்; கை பழகிய வேலை, பேச்சும் பாட்டும் கூடவே போகும். புதிய முறையில் பதினான்கு நாள் நாற்று. விதை நெல் இன்னும் வேரடியில் ஒட்டியிருக்கும். அதை மண்ணோடு தட்டில் அள்ளி வந்து, 22.5 செ.மீ.க்கு ஒரு முடிச்சாகக் குறித்த கயிற்றை வயலின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு நாற்று என்று வைக்க வேண்டும். நடவுக் குழுவை அழைத்து வந்திருந்த பெண்மணி கேட்டார்: "கயிறு பிடிக்க ரெண்டு பேரு போயிட்டா நட ஆளு கொறையுது அண்ணாச்சி. கயித்துக்குத் தனிக் கூலி போடுவியளா?"

ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வந்தவர்கள் அவர்கள். நேரம் கூடினால் நட்டம் அவர்களுக்கே. களை எடுப்பதிலும் இதே கதைதான். உருளும் களைக்கருவியைத் தள்ளியவர்கள் ஆண்கள். கையால் களை பறித்த பெண்களுக்கு அந்த நாட்கள் போயின. கணக்குப் போடுகிறவர் ‘மிச்சமான ஆட்கூலி’ என்று எழுதும் தொகை, அவர்கள் வீட்டுக்கு வராமல் போன கூலி. ஆய்வின் தொடக்கத்திலேயே அந்தப் பெண்மணியை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் கயிற்றுக்கும் கூலிக்கும் அப்போதே ஒரு வழி பிறந்திருக்கும். முதல் பருவத்தோடு பலர் இந்த முறையைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

6 ஜூன் 2024

இயந்திர நடவு வந்தபின் இந்தப் பேச்சு பழங்கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இயந்திரத்துக்கும் இளநாற்றுதான் வேண்டும், சீரான இடைவெளிதான் வேண்டும். நடவுப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறதே ஒழியப் பழையதாகவில்லை.

11 ஜூன் 2024

தண்ணீருக்கு வருகிறேன், சொல்ல வேண்டியது இதில்தான் மிகுதி.

புதிய நடவு முறையின் பாதிப் பயன் தண்ணீர்ச் சிக்கனத்தில் இருக்கிறது. வயலில் எப்போதும் நீர் நிற்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மண் மயிரிழை வெடித்தபின் அடுத்த தண்ணீர் கட்ட வேண்டும். கிணற்றுப் பாசனக்காரருக்கு இது எளிது, பொத்தானை அமுக்கினால் முடிந்தது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய்கள் நிரப்பும் குளங்கள், குளத்து மடைகள் என்று இறங்கி வந்து, கடைசியில் வயலுக்கு வயல் பாயும் தண்ணீர் எங்களுடையது. கன்னடியன் கால்வாயின் கடைப்பகுதியில் இருக்கிற நான் என் வயலைக் காயப்போட்டால், அடுத்த முறை தண்ணீர் என்றைக்கு வரும் என்று எனக்கே தெரியாது. மேல்மடைக்காரர் காயப்போடுவார், நினைத்தபோது கட்டிக்கொள்வார். கடைமடைக்காரர் வந்த தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொள்வார். எங்கள் குளத்தில் ஒற்றை நாற்றை ஏற்றவர்களும் காய்ச்சல் பாய்ச்சலை ஏற்கவில்லை. பிடிவாதம் அதற்குக் காரணம் இல்லை. சோதனைக்கு அலகாக எடுத்தது ஒரு வயலை. தண்ணீருக்கு அலகோ ஒரு குளம்.

பிற்பாடு எங்கள் குளத்துக்கு வேறொரு குழு வந்தது. குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, எத்தனை நாளுக்குப் பாசனம் கிடைக்கும் என்று கணக்கிட நினைத்தார்கள். அளவுகோல் நட்டார்கள். முதல் பருவத்தில் கோல் தண்ணீர் இருக்கிறது என்று காட்டியது, மடையோ வறண்டுவிட்டது. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் ஊரின் நீர்ப்பாய்ச்சி அவர்களைக் கரையோரம் நடத்திக் கூட்டிப்போய், செங்கல் சூளைக்கும் தோட்டங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் கரம்பை மண் அள்ளியதால் குளத்துக்குள் உண்டான பள்ளங்களைக் காட்டினார். மடையின் வாயடிக்குக் கீழே கிடக்கும் அந்தத் தண்ணீர் ஆடு மாடு குடிக்கவும் மீன் கிடக்கவும் உதவும், வயலுக்கு ஒரு சொட்டும் ஏறாது. அவர் தண்ணீரைப் பார்ப்பது மடைக்கல்லின் படிகளை எண்ணித்தான். இத்தனை படி மூழ்கியிருந்தால் இத்தனை முறை பாயும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் குழு செய்த நல்ல காரியம், தங்கள் கோலைப் பிடுங்கி மடைக்கல்லோடு ஒட்டி நட்டு, படிகளுக்கு நேரே கோடு போட்டு, பூச்சியத்தை மடையின் வாயடியில் வைத்தது. அடுத்த பருவத்தில் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. கடைமடைக்காரர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே வந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அதுவரை நீர்ப்பாய்ச்சியின் வாய்ச்சொல்லை நம்புவதா வேண்டாமா என்ற சச்சரவு ஒவ்வொரு பிசான நெல் பருவத்திலும் இருந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு நான் தரக்கூடிய மிக நல்ல எடுத்துக்காட்டு இதுதான்.

12 ஜூன் 2024

"வாய்க்காலை எல்லாம் கான்கிரீட் போட்டுவிட்டால் கடைமடைப் பிரச்சினை தீர்ந்துவிடும், இதற்கு எதற்கு ஆய்வு" என்று கேட்டவருக்கு: பொதுவளங்களை மக்கள் எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்ந்ததற்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடன் பணியாற்றியவர்களும் நேபாளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள். உழவர்களே கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டுக் கட்டி ஆண்டுதோறும் செப்பனிட்டு வந்த அமைப்புகள், அரசுத் துறை உறுதியாகக் கட்டி நடத்தியவற்றைக் காட்டிலும் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுசேர்ப்பதில் பொதுவாக முந்தி நின்றன. காரணத்தை அவர்கள் இப்படிக் கண்டார்கள்: மண் அணை ஆண்டுதோறும் உடையும், அதைக் கட்ட மேல்மடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு வேண்டும், ஆகவே கடைமடைக்காரரின் பங்கை மதித்தாக வேண்டும். உடையாத அணை வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது, மதிப்பும் கூடவே போனது.

கான்கிரீட் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எங்கள் மடைகளுக்குத் திருகு அடைப்பான் வேண்டும், நானே மனுக் கொடுத்திருக்கிறேன். கட்டுமானம் மாறும்போது ஊருக்குள் யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பதும் மாறுகிறது. அதைக் கணக்கில் எடுக்காத பொறியியல் பாதி வேலையைத்தான் செய்கிறது.

19 ஜூன் 2024

பாபநாசம் மலைக்கு மேலே இருக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்வலாறு, மயிலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழும் காணி மக்களின் உறவினர்கள் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். மக்களோடு சேர்ந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று அங்கேதான் நடந்தது.

1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவர ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் ஏற்றத்தில் களைத்துப்போனபோது, வழிகாட்டியாக வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவர்கள் இடையிடையே மென்ற சிறு கனியைக் கேட்டு வாங்கித் தின்றதும் இவர்களுக்கும் தெம்பு வந்தது. அந்தக் கனியைத் தரும் செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத் தொகை, இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அந்தப் பணத்தைப் பெற 1997இல் காணிகள் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தார்கள். பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 2002இல்தான் வந்தது. அதற்கு முன்பே நடந்தது இது. அந்த அறிவியலாளர்களின் நேர்மையை நான் மனமார மதிக்கிறேன்.

இடறல்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காணிகளில் மருத்துவ அறிவைக் காக்கும் பிலாத்திகள் சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை எப்படி விற்கலாம் என்று எதிர்த்தார்கள். வழிகாட்டியாகப் போனவர்கள் சொன்னார்கள் என்பதற்காகக் குடி முழுவதும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கும் பயிரிட்டு விற்பதற்கும் வனத்துறையின் தடை வந்து நின்றது. மருந்துக்கு இலை வேண்டும், இலை கொடுக்கக் காணிகள் ஆயத்தமாக இருந்தார்கள், நடுவில் இருந்த துறையை யாரும் முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசவில்லை.

20 ஜூன் 2024

"இது கேரளத்துக் கதை, நம் சீமைக்கு என்ன" என்ற மறுமொழியைப் பார்த்தேன். ஒரே மலை, ஒரே குடி; இந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வாழும் காணிகளிடமும் இன்று ஆய்வாளர்கள் தேனையும் மிளகையும் மூலிகையையும் பற்றிக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தப் பக்கம் நடந்ததைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பக்கம் பேச வேண்டும்.

2 ஜூலை 2024

மனத்துக்கு உகந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு பொரித்திருக்கும். கீழே எச்ச நாற்றத்துக்கும் விழுந்து கிடக்கும் மீனுக்கும் நடுவில் வீட்டார் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பதும் அங்கே வழக்கம். 1994இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊரார் காத்தது அதற்கெல்லாம் முன்பே. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையோடு, எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்ற கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. குளத்துக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராத ஆண்டில் பறவையும் குறையும், நெல்லும் குறையும்.

மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். நானும் போயிருக்கிறேன். விடியற்காலையில் கரையில் நின்று, கூட்டமாக நீந்தும் நாமக்கோழிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணப் பழகுவதற்குள் வெயில் ஏறிவிடும். எண்ணி முடித்ததும் எங்களோடு வந்த பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் குளத்துல ஏன் குப்பை கொட்டுதாவ?" என்பதுதான். பறவையை எண்ணப் போன பிள்ளைகள் குளத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கியதை ஆய்வின் விளைவாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

14 ஜூலை 2024

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. மேல்குளம் நிரம்பி மறுகால் ஓடைவழியே கீழ்க்குளத்துக்கு வர வேண்டிய தண்ணீர், ஓடை குறுகியோ மூடியோ போன இடத்தில் தேங்கி, கரையின் நைந்த பகுதியைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. அந்த உடைப்பின் வேகம் அடுத்த குளத்தின் கரையைத் தாக்குகிறது.

வெள்ளம் வடிந்தபின் ஆய்வுக் குழுக்கள் வந்தன. அவர்களில் ஓர் இளைஞரோடு நானும் நீர்ப்பாய்ச்சியும் ஓடையைத் தேடி நடந்தோம். இளைஞர் கையில் செயற்கைக்கோள் உயர வரைபடம் இருந்தது. முப்பது மீட்டர்ச் சதுரத்துக்கு ஓர் உயரம் சொல்லும் படத்தில் சில மீட்டர் அகல ஓடையும் கரையும் தெரியாது. எங்கள் ஊர் அதில் தட்டையாகக் கிடந்தது. நீர்ப்பாய்ச்சிப் பெரியவருக்கு 1992 வெள்ளம் நினைவில் இருந்தது. எந்த வரப்பைத் தாண்டியது, எந்தக் கோவில் படியில் நின்றது என்று இடம் இடமாகக் காட்டினார். கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவைப் புலப்படத்தை வாங்கிப் பார்த்தபோது, அவர் காட்டிய இடத்தில் ஓடைப் புறம்போக்கு அகலமாகவே இருந்தது. தரையில் ஒரு சிறு குழாய்ப் பாலம்தான் மிஞ்சியிருந்தது. வரைபடம், புலப்படம், நினைவு மூன்றையும் ஒரே தாளில் வைத்த பிறகுதான் தண்ணீரின் பாதை புலப்பட்டது. மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் அது தெரிந்திருக்காது.

பெரியவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி எப்படிப் போவும்னு பாக்கணும்னா ஐப்பசி கார்த்திகையில வாங்க. சித்திரையில வந்து காஞ்ச குளத்தக் காட்டிக் கேட்டியன்னா நான் என்னத்தச் சொல்ல?" ஆய்வுக்கு நிதி வரும் மாதமும் குளத்துக்குத் தண்ணீர் வரும் மாதமும் ஒத்துப்போவதே இல்லை. நிதி கொடுக்கிறவர்கள் நினைத்தால் சரிசெய்யக்கூடியது இது.

15 ஜூலை 2024

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். எங்கள் குளத்தின் மடைமுறைக் குறிப்பேடு, இரண்டு தலைமுறை நீர்ப்பாய்ச்சிகள் எழுதிவைத்தது, ஓர் ஆய்வுக்காக இரவல் வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. பல முறை கேட்டும் பதில் இல்லை. அதிலிருந்து ஓர் ஆய்வேடு உருவாகியிருக்கலாம். எங்களிடம் இருந்த ஒரே பதிவு போயிற்று. இன்றைக்குப் படம் எடுத்துக்கொள்ள ஒரு கைப்பேசி போதும். மூலத்தைக் கொடுக்காதீர்கள் என்று எல்லா ஊர்களுக்கும் சொல்கிறேன்.

28 ஜூலை 2024

‘மக்கள்’ என்று எழுதிக்கொண்டே போகிறோமே, அது யார் என்று ஒரு தோழி கேட்டது சில நாட்களாக மனத்தை விட்டு நீங்கவில்லை. 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் உழவர் சங்கங்களை ஏற்படுத்தியபோது ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பில், நிலம் உள்ளவர்களையே மையமாகக் கொண்டது. 2017இல் நீர்நிலைகளை ஊராரே செப்பனிடும் குடிமராமத்தை அரசு மீண்டும் தொடங்கியபோதும் வேலையின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஆயக்கட்டுதாரர் தர வேண்டும் என்றது. பொறுப்பை நிலத்தோடு கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் குளத்தை நம்பி இருப்பவர்கள் ஆயக்கட்டோடு முடிந்துவிடுவதில்லை. விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர் பெயர் பட்டாவில் இல்லை. கோடையில் குளத்தின் உள்வாயில் ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிக்குப் புல் வேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் மீனைப் பிடித்து முடிக்கலாம். கடைமடைக்காரருக்கு அது பங்குனி வரை நிற்க வேண்டும். மடை திறந்து காவல் காத்த குடும்பங்கள் பல ஊர்களில் நிலமற்றவை, சாதியால் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவை. நீர் அறிவு மிகுந்திருப்பதும் அவர்களிடமே. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைச் சந்தித்துவிட்டு ‘மக்களோடு கலந்து பேசினோம்’ என்று எழுதும் குழு, குளத்தை அறிந்தவரையும் குளத்தால் பாதிக்கப்படுபவரையும் ஒருசேரத் தவறவிடுகிறது.

எங்கள் சங்கத்தில் நீர்ப்பாய்ச்சிக்குக் கூட்டத்தில் நாற்காலி போட வேண்டும் என்று நான் வாதாடி, முகங்கோணலோடுதான் ஒப்புக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் அவரிடம் முதலில் பேசி, அவர் சொன்னதை எல்லார் முன்னும் திரும்பச் சொன்னது அதற்குத் துணை செய்தது. வெளியாள் ஒருவரால் உள்ளூரில் செய்ய முடிகிற நல்லது இது, அவருக்கே தெரியாமல்கூட.

4 ஆகஸ்ட் 2024

பாளையங்கோட்டையில் படிக்கும் மாணவி ஒருவர், குளங்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புவதாகவும் எப்படித் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். கேள்வித்தாளை முதலில் அச்சடிக்காமல் வாருங்கள். இரண்டு மூன்று முறை சும்மா வந்து கரையில் நடந்துவிட்டுப் போனால், என்ன கேட்க வேண்டும் என்று ஊரே சொல்லும். எங்கள் குளத்தில் இப்போதைய கேள்வி, உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலத்தை எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவும் விறகை நம்பிய வீடுகளுக்கு வரும் இழப்பும் எவ்வளவு என்பது. நாள்முழுக்க உங்களோடு நடக்கிறவருக்கு ஒரு நாள் கூலியைத் திட்டச் செலவிலேயே எழுதுங்கள். முடிவைத் தமிழில் சில பக்கங்களில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒவ்வொரு படி வையுங்கள், சங்கக் கூட்டத்தில் வாசித்தும் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

கூட்டத்தைக் காலையில் வைக்க வேண்டாம். பெண்கள் நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போயிருப்பார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன், மந்தைத் திண்ணையில் வைத்தால் வருவார்கள். கோவில் மண்டபம் வேண்டாம், எல்லாரும் உள்ளே வர மாட்டார்கள்.